பேரண்டக் கணிப்பொறி: உவமையா, உண்மையா?

தாமரை போன்ற முகம் என்று கூறினால் அஃது உவமை. முகத்தாமரை என்று கூறினால் அஃது உருவகம். முன்னதில் ‘போன்ற’ என்னும் உருபு நின்று, இவை இருவேறு பொருள்கள் என்பதை நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. பின்னதில் அவ்வுருபு மறைந்து, இரண்டும் ஒன்றே என்னும் மயக்கம் பிறக்கிறது. கவிதையில் அம்மயக்கம் இன்பம் தருவது. முகத்தாமரை என்று படித்த எவரும் அதனைக் குளத்தில் தேடிச் செல்வதில்லை. ஆனால், அறிவியல் நூல்களில் உவமை உருவகமாக மாறும்போது வாசகர் விழிப்போடு இருத்தல் வேண்டும். ஏனெனில், ‘போன்ற’ என்னும் சொல் எவ்விடத்தில் உதிர்ந்தது என்பதை எழுதுவோரே பல வேளைகளில் கவனிப்பதில்லை.

பேரண்டம் ஒரு கணிப்பொறி என்னும் கூற்று இன்று அறிஞர் நூல்களிலும், மேடைகளிலும், கல்லூரி மாணவர் உரையாடல்களிலும் இடம்பெற்றுவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கணிப்பொறிக் கல்வி பயில்கின்றனர். அவர்கள் வாயிலாக இக்கூற்று நம் இல்லங்களுக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது. “எல்லாமே ஒரு நிரல்தான்” என்று ஒரு பிள்ளை கூறும்போது, அதனைத் தலையசைத்து ஏற்பதும் முறையன்று. அறியாமை என்று கடிந்து ஒதுக்குவதும் முறையன்று. அதனை நிறுத்துப் பார்த்தலே அறிவுடையார் செயல். இக்கருத்தைப் பொதுவாசகர்க்கு விரிவாக எடுத்துரைத்த நூல்களுள் குறிப்பிடத்தக்கது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் சேத் லாய்ட் 2006இல் வெளியிட்ட ‘பேரண்டத்துக்கு நிரல் எழுதுதல்’ என்று பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல். அதனை முன்வைத்தே இக்கட்டுரை அமைகிறது.

கருத்து வந்த வழி

ஒவ்வொரு காலத்து மக்களும் தம் காலத்தின் மிகச் சிறந்த பொறியை வானத்தில் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் இயந்திரக் கடிகாரம் பரவிய 14ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம் விண்கோள்களின் இயக்கத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டார். 1605இல் கெப்ளர் தம் கடிதமொன்றில், வானகப் பொறியை உயிருள்ள தெய்விகப் பொருளாக அன்றி ஒரு கடிகாரமாகக் காண்பதே தம் நோக்கம் என்று குறித்தார். 19ஆம் நூற்றாண்டில் நீராவிப் பொறி வந்தது. உலகம் ஒரு மாபெரும் வெப்பப் பொறியாகத் தோன்றத் தொடங்கியது. அதன் வெப்பம் யாவும் சமநிலை எய்தி ஒருநாள் இயக்கம் ஓய்ந்துவிடும் என்று 1850களில் கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் எழுதினர். அவ்வரிசையில் இறுதியாக வந்து நிற்பது கணிப்பொறி.

கணிப்பொறியின் மூல நூல் நமக்கு அந்நியமானதன்று. வரையறுத்த படிகளின் வழியே கணக்கைத் தீர்க்கும் முறைக்கு உலகமொழிகள் வழங்கும் ‘அல்காரிதம்’ என்னும் பெயர், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரினின்றும் பிறந்தது. ஆயினும், பேரண்டமே அத்தகைய படிமுறையால் இயங்குகிறது என்று முதன்முதல் நூலளவில் எழுதியவர் ஜெர்மானியப் பொறியாளர் கோன்ராட் சூசே. 1941இல் பெர்லினில், நிரலால் இயங்கும் கணிப்பொறியைக் கட்டி முடித்த அவர், 1969இல் ‘கணக்கிடும் வெளி’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர்க்குப் பின் அமெரிக்காவின் எட்வர்ட் ஃபிரெட்கின் இக்கருத்தைத் தம் வாழ்நாள் முழுதும் வளர்த்தார். 1989இல் ஜான் வீலர், பொருளுக்கு அடிப்படை தகவலே என்னும் கருத்தை முன்வைத்தார். 2002இல் ஸ்டீபன் வோல்ஃப்ரம் ஏறத்தாழ 1,200 பக்கங்கள் கொண்ட பெருநூல் ஒன்றினால், எளிய விதிகளே இயற்கையின் சிக்கல்கள் யாவற்றுக்கும் மூலம் என்று வாதிட்டார்.

இவ்வறிஞர்களுள் சூசே, ஃபிரெட்கின், வோல்ஃப்ரம் ஆகியோரின் மனக்கண் முன் நின்ற காட்சியை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கட்டம் போட்ட துணியொன்றை எல்லையின்றி விரித்ததாகக் கொள்வோம். ஒவ்வொரு கட்டமும் உயிருள்ளது அல்லது உயிரற்றது. ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டுக் கட்டங்கள். உயிருள்ள கட்டத்தைச் சூழ இரண்டோ மூன்றோ உயிருள்ள கட்டங்கள் இருந்தால் அது பிழைக்கும், இல்லையேல் மடியும். உயிரற்ற கட்டத்தைச் சூழ மிகச்சரியாக மூன்று உயிருள்ளவை இருந்தால் அது உயிர்பெறும். விதி இவ்வளவே. பிரிட்டிஷ் கணித அறிஞர் ஜான் கான்வே வகுத்த இவ்விளையாட்டு 1970இல் வெளியாயிற்று. இச்சிறு விதியிலிருந்து நகரும் உருவங்களும், துடிக்கும் உருவங்களும், பிற உருவங்களைப் பெற்றெடுக்கும் உருவங்களும் தோன்றுகின்றன. போதிய கட்டங்களை ஒழுங்குபடுத்தினால், எந்தக் கணிப்பொறி செய்யும் கணக்கையும் இவ்விளையாட்டே செய்யும் என்பதும் நிறுவப்பட்டுள்ளது. இதனைக் கண்ட ஒருவர், நம் உலகும் ஏன் இவ்வாறு இருக்கலாகாது என்று வினவுவது இயல்பே.

நூலின் வலிமை

லாய்டின் நூல் வெறும் கற்பனை அன்று. அதன் அடித்தளத்தில் உறுதியான பௌதிகம் உள்ளது. ஒரு பிட் தகவலை அழிப்பதற்குக் குறைந்த அளவு இவ்வளவு வெப்பம் வெளியாகியே தீரும் என்று ரோல்ஃப் லாண்டவர் 1961இல் நிறுவினார். சாதாரண அறை வெப்பத்தில் அவ்வளவு மிகமிகச் சிறியது, ஆயினும் சுழியன்று. 2012இல் பிரான்சின் லியோன் நகரில் அது சோதனையால் உறுதிப்பட்டது. 1867இல் மாக்ஸ்வெல் கற்பனை செய்த பூதம், விரைந்த மூலக்கூறுகளையும் மெல்லிய வேகமுடையவற்றையும் தனித்தனியே பிரித்துச் செலவின்றி ஆற்றல் பெறுமே என்னும் நூற்றாண்டுப் புதிருக்கும் இதனால் விடை கிடைத்தது. பூதம் தான் கண்டதை நினைவில் வைக்க வேண்டும்; அந்நினைவை அழிக்கும்போது வெப்பத்தால் விலை கொடுக்க வேண்டும். தகவல் என்பது வெறும் சொல் அன்று, பௌதிக விதிக்கு உட்பட்ட ஒன்று என்பதை இது காட்டிற்று. உவமை ஒன்று உழைத்துக் கூலி பெற்ற இடம் இது.

இரண்டாவது, ஒரு பொருள் ஒரு நிலையினின்றும் முற்றிலும் வேறான இன்னொரு நிலைக்கு மாறும் வேகம் அதன் ஆற்றலால் வரையறுக்கப்படும் என்று 1998இல் மார்கோலஸ், லெவிடின் என்னும் இருவர் நிறுவினர். அவ்வரம்பைக் கொண்டு, ஒரு கிலோ எடையுள்ள பொருள் நொடியொன்றுக்கு 5-க்குப் பின் 50 சுழிகள் இட்ட எண்ணிக்கையளவு செயல்களுக்கு மேல் செய்ய இயலாது என்று 2000இல் லாய்ட் கணித்தார். 2002இல் அக்கணக்கையே பேரண்டம் முழுமைக்கும் விரித்தார். பேரண்டம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை, 1-க்குப் பின் 90 சுழிகள் இட்ட எண்ணிக்கையுள்ள பிட்டுகள் மீது, 1-க்குப் பின் 120 சுழிகள் இட்ட எண்ணிக்கைக்கு மேற்படாத செயல்களே நடந்திருக்க முடியும் என்பது அவர் பெற்ற விடை. இவ்வெண்கள் நம்மை வியக்கச் செய்வதற்காகக் கூறப்பட்டவை அல்ல. எல்லையற்றது என்று நாம் எளிதாகக் கூறிவிடும் ஒன்றுக்கு வரம்பு வகுத்துக் காட்டியதே அவற்றின் பெருமை.

மூன்றாவது, ஒழுங்கு எவ்வாறு பிறந்தது என்னும் வினாவுக்கு லாய்ட் தரும் விளக்கம். குரங்குகள் தட்டச்சுப் பொறிகளைக் கண்டபடி தட்டினால் எப்போதேனும் காவியம் பிறக்குமா என்பது பழைய கேள்வி. பேரண்டத்தின் வயது முழுதும் தட்டினாலும் பிறவாது என்பதே விடை. ஆனால், தட்டச்சுப் பொறியை அகற்றிக் கணிப்பொறியை வைத்தால் நிலைமை மாறுகிறது. குரங்கு தட்டும் எழுத்துகள் இப்போது கட்டளைகளாகின்றன. சிறிய கட்டளைத் தொடர் தற்செயலாக அமைவது அத்துணை அரிதன்று. சிறிய தொடரே பெரிய ஒழுங்கை விளைவிக்கவும் வல்லது. குவாண்டம் உலகின் தற்செயல் அசைவுகளே அக்குரங்குகள் என்கிறார் லாய்ட். நூலின் மிக அழகிய பகுதி இது. ஆயினும், குரங்கின் முன் கணிப்பொறியை வைத்தது எது என்னும் வினா இங்கு எஞ்சி நிற்கிறது. எழுத்துகளைக் கட்டளைகளாக ஏற்று நிறைவேற்றும் விதிகள் முன்னமே இருந்தாலன்றி இவ்விளக்கம் தொடங்கவே இயலாது. ஆகவே, ஒழுங்கு வளர்ந்த விதத்தை இது விளக்குகிறது; ஒழுங்குக்கு இடமளித்த விதிகளை இது விளக்கவில்லை.

மூன்று கூற்றுகள்

நூலின் குறை எங்கே தொடங்குகிறது? ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்படும் மூன்று கூற்றுகள் ஒன்றே போலத் தோன்றும் இடத்தில்தான். பேரண்டத்தின் நிகழ்ச்சிகளைக் கணிப்பொறியால் போலச்செய்து காட்டலாம் என்பது முதற்கூற்று. பேரண்டத்தின் பகுதிகளைக் கணக்கிடுவதற்குப் பயன்படுத்தலாம் என்பது இரண்டாவது. பேரண்டமே கணிப்பொறி என்பது மூன்றாவது. இரண்டாவதில் ஐயமில்லை, சிலிக்கனும் மணிச்சட்டமும் பேரண்டத்தின் பகுதிகளே. முதலாவது, ஆய்வில் உள்ளது. மூன்றாவதோ இவ்விரண்டின் தோளில் ஏறி நிற்கிறது. ஆனால் அவற்றினின்றும் பெறப்படுவதன்று. புயலைக் கணிப்பொறியில் போலச்செய்து காட்டுகிறார்கள் வானிலை ஆய்வாளர்கள். அதனால் எந்தக் கணிப்பொறியும் நனைவதில்லை; எந்தப் புயலும் கணிப்பொறி ஆவதில்லை.

முதற்கூற்றிலேயே ஒரு பெருந்தடை உண்டு. அதனை 1981இல் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் எடுத்துக்காட்டினார். இருநிலைகள் மட்டுமே கொண்ட 300 குவாண்டம் துகள்களை எடுத்துக்கொள்வோம். அவற்றின் பொதுநிலையைச் சாதாரணக் கணிப்பொறியில் முழுமையாக எழுத வேண்டுமானால், 2-ஐ 300 முறை பெருக்கி வரும் எண்ணிக்கையில் எண்கள் தேவை. அது 1-க்குப் பின் 90 சுழிகள் இட்ட எண்ணையும் விஞ்சும். லாய்ட் பேரண்டம் முழுமைக்கும் கணித்த பிட்டுகளின் எண்ணிக்கையும் அந்த அளவினதே என்பதை வாசகர் நினைவுகூர வேண்டும். ஒரு தூசியினும் சிறிய 300 துகள்களுக்கே பேரண்டம் முழுவதும் ஏடாக வேண்டியிருக்கிறது! ஆகவே, சாதாரணக் கணிப்பொறி என்னும் உவமை இங்கேயே முறிந்துவிடுகிறது.

இதனை நன்கறிந்தவர் லாய்ட். எனவேதான் பேரண்டம் குவாண்டம் கணிப்பொறி என்கிறார். குவாண்டம் கணிப்பொறியால் குவாண்டம் நிகழ்ச்சிகளைத் திறம்படப் போலச்செய்ய இயலும் என்று 1996இல் காட்டியவரும் அவரே. பேரண்டமும் குவாண்டம் கணிப்பொறியும் ஒன்றையொன்று இவ்வாறு போலச்செய்ய வல்லவை. இரண்டுக்கும் இடையே வேறுபாடு காண இயலாது. ஆகவே பேரண்டம் குவாண்டம் கணிப்பொறியே என்பது அவர் வாதம். இங்கேதான் ‘போன்ற’ உதிர்கிறது. குவாண்டம் கணிப்பொறி என்பது யாது? குவாண்டம் விதிகளுக்கு இயைந்து நிலைமாறும் துகள்களின் தொகுதி, நாம் விரும்பும் கணக்கைச் செய்யுமாறு நம்மால் ஒழுங்குபடுத்தப்பட்டது. இவ்விலக்கணத்திலிருந்து ‘நம்மால் ஒழுங்குபடுத்தப்பட்டது’ என்பதை நீக்கிவிட்டால், எஞ்சுவது குவாண்டம் விதிகளுக்கு இயைந்து நிலைமாறும் துகள்களின் தொகுதி மட்டுமே. பேரண்டம் அத்தகையது என்பதைப் பௌதிகம் முன்னமே கூறிவிட்டது. புதிய பெயர் வந்திருக்கிறது. புதிய செய்தி வரவில்லை.

தத்துவ அறிஞர் ஜான் சேர்ல் 1990இல் கூறிய மறுப்பும் இங்கே கருதத்தக்கது. ஒரு பொருளின் நிலைமாற்றங்களை நாம் விரும்பியவாறு பெயரிட்டுக்கொள்ளலாம் என்றால், தம் பின்னால் உள்ள சுவர்கூட ‘வேர்ட்ஸ்டார்’ என்னும் நிரலை இயக்குவதாகக் கூறிவிடலாம் என்றார் அவர். மணிச்சட்டத்தில் மணி நகர்வது நிகழ்ச்சி. அது கூட்டல் ஆவது, மணிக்கு மதிப்புத் தந்து படிப்பவர் ஒருவர் இருப்பதனால். சேர்லின் மறுப்பு மிகையானது என்பாரும் உளர். எப்படியும் பெயரிட்டுவிட இயலாது, காரணகாரியத் தொடர்பும் பொருந்த வேண்டும் என்பர் அவர்கள். அது நியாயமே. ஆயினும், எதனைக் கண்டால் ‘இது கணிப்பொறி அன்று’ என்று ஒப்புக்கொள்வோம் என்னும் வினாவுக்கு விடை கூறாத கொள்கை, எல்லாவற்றையும் அளப்பது போலக் காட்டி ஒன்றையும் அளவாது போகும் என்பது உறுதி.

திரிகைக் கல் எழுப்பிய கேள்வி

சோதனைக்கு உட்படும் வடிவமும் இக்கொள்கைக்கு உண்டு. சூசேயும் ஃபிரெட்கினும் கூறியதுபோல, வெளியும் காலமும் பிரிக்கவொண்ணாச் சிறு கட்டங்களால் ஆனவை என்று துணிந்து கூறுவதே அவ்வடிவம். அவ்வகையில் அவர்கள் நேர்மையான சோதனைக்குத் தம்மை ஒப்புவித்தனர். இங்கு நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி உண்டு. வெளியும் காலமும் பிரிக்கவொண்ணாத் துணுக்குகள் என்னும் கருத்தை இல்முல் கலாம் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே விரிவாக ஆராய்ந்துள்ளனர். பொருள்களின் பண்புகள் இரு கணம் நிலைப்பதில்லை. கணந்தோறும் அவை புதிதாகப் படைக்கப்படுகின்றன என்பது அஷ்அரீ வழியினர் கொள்கை.

அக்கொள்கையை எதிர்த்தோர் எழுப்பிய கேள்விகளுள் திரிகைக் கல்லைப் பற்றியது புகழ்பெற்றது. கல் சுழல்கிறது. விளிம்பில் உள்ள துணுக்கு ஓரிடம் நகரும்போது, நடுவை அடுத்த துணுக்கு எவ்வளவு நகரும்? ஓரிடத்தினும் குறைவாக நகர இயலாது. ஏனெனில், அதனினும் சிறிய இடமே இல்லை. ஓரிடம் முழுதும் நகர்ந்தால் இரண்டும் ஒரே வேகம் உடையன ஆகிவிடும். உள்துணுக்குகள் இடையிடையே நின்று நின்று செல்கின்றன என்றும், சுழலும்போது கல்லின் பகுதிகள் பிரிகின்றன என்றும் விடை கூறப்பட்டது. பஸ்ராவின் நள்ளாம் என்பாரோ துணுக்குக் கொள்கையையே மறுத்து, நகரும் பொருள் இடையிடங்களைத் தொடாமலே தாவிச் செல்கிறது என்றார். அதனைத் ‘தஃப்ரா’ என்பர். கட்டங்களாலான சதுரத்தில் மூலைவிட்டமும் பக்கமும் சமமாகிவிடுமே, வடிவகணிதம் என்னாவது என்ற இன்னொரு மறுப்பையும், திரிகைக் கல்லின் செய்தியையும், கெய்ரோவில் வாழ்ந்த யூத தத்துவ அறிஞர் மூஸா இப்னு மைமூன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபு மொழியில் எழுதிய நூலில் பதிந்துவைத்துள்ளார்.

இன்றைய அறிஞர்களை வருத்துவதும் இதே கேள்வியின் வேறு வடிவமே. சதுரக் கட்டங்களாலான வெளியில் எல்லாத் திசைகளும் சமமாக இருப்பதில்லை. நீரின் ஓட்டத்தைச் சதுரக் கட்டங்களில் போலச்செய்ய முயன்றபோது, திசைக்குத் திசை விளைவு வேறுபட்டது. 1986இல் ஃபிரிஷ், ஹாஸ்லாக்கர், போமோ என்னும் மூவர் அறுகோணக் கட்டங்களுக்கு மாறிய பின்னரே தளப்பரப்பில் அக்குறை நீங்கிற்று. உண்மையான வெளியிலோ நாம் எத்திசையில் அளந்தாலும் இயற்கை விதி ஒன்றாகவே இருக்கிறது. 2009 மே திங்களில், 700 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பாலிருந்து வந்த காமாக் கதிர் வெடிப்பு ஒன்றை ஃபெர்மி விண்தொலைநோக்கி கண்டது. வெளி சிறு கட்டங்களாலானது எனின், ஆற்றல் மிகுந்த ஒளித்துகளும் குறைந்த ஒளித்துகளும் சற்றே வேறுபட்ட வேகத்தில் வரக்கூடும். அவ்வளவு நெடுந்தொலைவில் அவ்வேறுபாடு புலனாக வேண்டும். ஆனால், ஏறத்தாழ ஒரு நொடிக்குள் அவை யாவும் வந்து சேர்ந்தன. கட்டவெளியைப் பற்றிய எளிய கருத்துகள் பலவற்றுக்கு இதனால் இடமில்லாமற் போயிற்று. நுட்பமான வடிவங்கள் சில இன்னும் ஆய்வில் உள்ளன.

இருவகை அவசரம்

இக்கொள்கையைக் கண்டதும் நம்மிடையே இருவகை அவசரம் தோன்றுவதுண்டு. “இதனை நம் முன்னோர் அன்றே கூறிவிட்டனர்” என்பது ஒன்று. ஒப்புமை உண்டு என்பதை மேலே கண்டோம். வேற்றுமையையும் காண வேண்டும். கணிப்பொறியில் இன்றைய நிலை விதியின் வழியே நாளைய நிலையைக் கட்டாயப்படுத்துகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095 அளவில் எழுதி முடித்த தஹாஃபத்துல் ஃபலாஸிஃபாவில் மறுத்ததோ அக்கட்டாயத்தையே. பஞ்சும் நெருப்பும் சேர்ந்தபோது பஞ்சு எரிவதை நாம் காண்கிறோம். நெருப்பினாலேயே எரிந்தது என்னும் கட்டாயத்தை நாம் காண்பதில்லை. எரிதலும் இறைவன் படைப்பே என்பது அவர் கூற்று. இருசாராரும் உலகைக் கணங்களாகப் பகுத்தனர். ஆனால் கணத்தையும் கணத்தையும் இணைப்பது எது என்பதில் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றனர். அவ்வேற்றுமையை மறைத்துப் பெருமை தேடுவது, முன்னோரைப் போற்றுவதாகாது. அவர்கள் எதனைப் பொருட்டு அத்துணை நுட்பமாக வாதிட்டார்களோ அதனை மறந்துவிடுவதாகும்.

மற்றோர் அவசரம், “நிரல் உண்டெனில் நிரலாளன் உண்டு, அறிவியலே இறைவனை நிறுவிவிட்டது” என்பது. கடிகாரம் உண்டெனில் கடிகாரம் செய்தவன் உண்டு என்று ஐரோப்பாவில் முன்னர் வாதிட்டார்கள். கடிகார உவமை அறிவியலில் வழக்கிழந்தபோது, அவ்வாதமும் அதனோடு சேர்ந்து வலுவிழந்தது. வேறு வலுவான சான்றுகள் இருந்தும், பழைய பொறியோடு பிணைத்ததனால் நேர்ந்த இழப்பு அது. நம்பிக்கைக்கு அடித்தளம் தேடுவோர் மாறிவரும் பொறிகளின் மேல் அதனை நாட்டலாகாது. இதே உவமையைக் கொண்டு, “எல்லாம் நிரலின்படி நடக்கிறது; எவருக்கும் பொறுப்பில்லை” என்று கூறும் இளைஞருக்கும் இவ்விடையே பொருந்தும். விதிக்குக் கட்டுப்பட்டது என்பதும், முன்கூட்டியே அறியத்தக்கது என்பதும் ஒன்றல்ல. ஒரு நிரல் இயங்கி நிற்குமா, நில்லாதா என்பதை எல்லா நிரல்களுக்கும் பொதுவாக முன்னறிந்து கூறும் முறை இருக்க முடியாது என்று 1936இலேயே ஆலன் டூரிங் நிறுவிவிட்டார். நடந்து பார்த்தாலன்றி முடிவை அறிய இயலாத கணக்குகள் பல என்று வோல்ஃப்ரமும் வற்புறுத்துகிறார். கணிப்பொறியைச் சான்றாக அழைத்து வருவோர்க்கு, கணிப்பொறியின் இலக்கணமே துணை நிற்பதில்லை.

முடிவுரை

லாய்டின் நூல் படிக்கத்தக்கது. தகவலும் ஆற்றலும் வெப்பமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் விதத்தை இத்துணைத் தெளிவாகப் பொதுவாசகர்க்கு உரைத்த நூல்கள் சிலவே. பேரண்டத்தைக் கணிப்பொறி போன்றதாகக் கருதியதால் விளைந்த நன்மைகளும் உண்மையானவை: லாண்டவரின் வரம்பு, பூதத்தின் புதிருக்கு விடை, கணக்கிடும் ஆற்றலுக்கு இயற்கை வகுத்த எல்லை. இவை யாவும் உவமை உவமையாக நின்று தந்த பயன்கள். பேரண்டமே கணிப்பொறி என்று உருவகமாக்கிய பின் கிடைத்த பயன் யாது என்று தேடினால், பெயர்மாற்றம் ஒன்றே தேறுகிறது.

இந்நூலையும் இதனையொத்த நூல்களையும் நம் பிள்ளைகள் தாராளமாகப் படிக்கட்டும். படிக்கும்போது ஒரு பயிற்சியை மட்டும் அவர்களுக்குப் பழக்குவோம். ‘பேரண்டம் கணிப்பொறி’ என்று எழுதப்பட்டுள்ள ஒவ்வோர் இடத்திலும், உதிர்ந்துபோன ‘போன்ற’ என்னும் உருபை மீண்டும் இட்டு வாசிக்கச் சொல்வோம். அதன் பின்னர், எப்பண்பில் போன்றது, எப்பண்பில் போன்றதன்று என்று கேட்கச் சொல்வோம். உவமைக்குப் பொதுத்தன்மை கேட்கும் பழக்கம் தமிழ் பயின்ற பிள்ளைக்குப் பள்ளியிலேயே வந்துவிடுகிறது. அதனை அறிவியல் நூலிலும் கையாளத் தெரிந்துவிட்டால், எந்தப் புதிய பொறி வந்து எந்தப் பெயரால் பேரண்டத்தை அழைத்தாலும், அப்பிள்ளை மயங்கவும் மாட்டான், மருளவும் மாட்டான்.